இடது சனல்

மல்லாவிச் சந்தியில் என் கடை வாசலுக்கு
லாண்ட்மாஸ்டரில் வந்து நின்றது
நாலு காலும் ஒரு மூடியும் உள்ள றேடியோகிறாம்.
மேலே சாக்கு, கீழே வைக்கோல்.
நான் திருத்துவது போன். உடைந்த கண்ணாடி,
தண்ணீர் குடித்த போர்ட், சார்ஜ் ஏறாத ஓட்டை.
மேசை காணாது என்றேன்.
யோகசிங்கம் அண்ணை ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு
மற்றப் பக்கத்துக்கு என்னைப் பார்த்தார்.

"இடப்பக்கம் பேசுதில்லை, பிள்ளை."
சொன்னவருக்கு இடது காது கேளாது.
மாத்தளனோடு போனது. அதைப் பற்றி அவ்வளவுதான்.
அப்ப எப்படித் தெரியும் என்று கேட்டேன்.
"வலது காதைக் கொண்டுபோய்
அதின்ர வாயில வைச்சுப் பாத்தனான்."

பின்பலகையில் ஒன்பது ஸ்குரூ, ஒன்பதிலும் துரு.
உள்ளே ஒரு குளவிக்கூடு, பல்லிமுட்டைக் கோது.
ஸ்பீக்கரைக் கழற்றி, டோர்ச் பற்றறியால் தொட்டேன்:
டொக்.
சரி, நீ இல்லை.
பியூஸ் இல்லை. வயர் இல்லை.
பவர் திரான்சிஸ்டர் இரண்டும்
மீற்றருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லின.

பிறகுதான் கண்டேன்.
மஞ்சள், ஊதா, கறுப்புக் கோடு போட்ட
றெசிஸ்ரர் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு பென்சில் துண்டு.
பள்ளிக்கூடப் பென்சில். பச்சைப் பூச்சுக்கூடப் போகவில்லை.
இரண்டு தலையிலும் கரியைச் சீவியெடுத்து
செப்புக்கம்பி சுற்றி, ஈயம் வைத்து இறுக்கியிருந்தது.
தகட்டில் ஆணியால் கீறிய எழுத்து:
திரவியம். 96 ஆவணி.

பொம்மைவெளிச்சம்கூட வராத மாதம் அது.
அவர் இழுத்துவிட்ட இரண்டு சிவப்பு வயர்
இன்னும் வெளியே தொங்குகிறது,
இரண்டு லொறிப் பற்றறி கொழுவ.
செய்தி கேட்க அது போதும்.
தட்டுச் சுற்றும் மோட்டருக்கு மட்டும்
வீட்டுக் கரண்ட் வேண்டும்.

கள்ளன் நீதான் என்று கட்டரை எடுத்தேன்.
வெட்டமுதல் ஒருக்கால் அளந்தேன்.
நாற்பத்தேழு ஓம் வேண்டும். காட்டியது ஐம்பத்திரண்டு.
இத்தனை வருசத்துக்கு
ஐந்து ஓம்.
கட்டரைக் கீழே வைத்தேன்.

பிழை அதற்குப் பக்கத்தில் இருந்தது.
கம்பனி போட்ட கப்பாசிற்றர், நீல நிறம், பெருவிரல் பருமன்,
ஒருவரும் கைவைக்காதது, வீக்கம் இல்லை, கசிவு இல்லை.
உள்ளே காய்ந்துபோய் எத்தனை காலமோ.
நல்ல ஒன்றை முதலைக் கிளிப்பால் அதன்மேல் கொழுவ
மரண அறிவித்தலின் நடுவில்
இடப்பக்கம் விழித்தது:
"...மருமக்களும், பேரப்பிள்ளைகளும்..."

செத்த ரிவி ஒன்றிலிருந்து கழற்றியதைப் போட்டேன்.
பாதி அளவுதான், பலம் கூட.
பென்சில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.
அடியில் ஒரு இரைச்சல் மிச்சம். அது எர்த்.
அதற்கு இன்னொரு நாள், இன்னொரு காசு.

"ஒரு தட்டு இருக்கு" என்று சீற் அடியிலிருந்து எடுத்தார்.
பெட்டியோடு கம்பனி கொடுத்த தட்டு.
இரண்டு பக்கமும் வேலைசெய்கிறதா என்று
வாங்கினவர் பார்ப்பதற்கு:
வலதில் புறப்பட்டு இடதுக்குப் போகும் ஒரு ரெயில்.
எந்த நாட்டு ரெயிலோ.
எங்கள் தண்டவாளம் பங்கருக்குக் கூரையாய்க் கிடந்த காலமெல்லாம்
தட்டுக்குள் நின்றிருக்கிறது.

விசில். பிறகு சில்லு.
வலது காதை வலத் துணியில் ஒட்டிக் குனிந்தவர்
ரெயிலோடு சேர்ந்து பக்கவாட்டில் நகர்ந்தார்.
நாலடி தூரம்.
அவர் நடுவுக்கு வரமுதல் அது போய்விட்டது.

"இன்னொருக்கா."
இந்தமுறை கொஞ்சம் ஓடினார். சாரம் கால் தடுக்கியது.
போன் திருத்த வந்த பெடியன் சிரிக்கப்போனான்,
பிறகு சிரிக்கவில்லை.

மூன்றாம் முறை
நான் ஊசியைத் தூக்கமுதலே
இடப்பக்கம் போய்க் குனிந்து
துணியில் காதை வைத்துக்கொண்டு
கையைக் காட்டினார்,
விடு.